தொட்டுச் செய்யும் தொழிலுக்கு ஏன் இந்தப் பெயர்?



வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். "முதுகுல பிடிச்சுக்கிச்சு, அந்தப் பாட்டிகிட்ட போய் எண்ணெய் போட்டு நீவிட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். "இப்ப வலி எப்படிப்பா இருக்கு?" என்று அம்மா கேட்பார். இன்னொரு நாள், "மசாஜ் பண்ணப் போனேன்" என்று சொல்லுங்கள். முதலில் ஓர் அமைதி வரும். அதற்குப் பிறகு, "எங்க போன? யாரு செஞ்சா?" என்ற கேள்வி வரும்.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். வலித்த உடம்பை ஒருவர் தன் கையால் தேய்த்து, அழுத்தி, இளக்கிவிட்டார். ஒரு சொல்லுக்கு மரியாதை, இன்னொரு சொல்லுக்குச் சந்தேகம். இந்தச் சந்தேகத்தைச் சொல்லிவிட்டு நாம் சாப்பிடப் போய்விடுகிறோம். அதைச் சுமந்துகொண்டு மறுநாள் காலையில் கடை திறக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு தொழிலின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஜெலாப்பாங்கில் ஒரு அக்கா

ஈப்போக்காரர்களுக்கு ஜெலாப்பாங் என்றால் பழைய டோல் சாவடிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி மலை இறங்கி வரும் லாரிகள், தொழிற்பேட்டை, தோட்டங்களை விட்டு வந்து தாமான்களில் குடியேறிய நம்ம குடும்பங்கள். உடம்பால் உழைக்கிறவர்கள் நிறைந்த ஊர். இடுப்பு வலியும் தோள் வலியும் இல்லாத வீடு இங்கே குறைவு.

எங்கள் தாமானில் இரண்டு லோரோங் தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காண்டா வாளி தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப் போனவர்களுக்கு மாலையில் எண்ணெய் தேய்த்துவிடுவார். பிள்ளை பெற்ற பெண்களைக் குளிப்பாட்டுவார். உரம் விழுந்து அழுகிற குழந்தையை வாங்கி உரம் எடுப்பார். கூலி என்று ஒன்றும் கேட்டதில்லை. வெற்றிலை பாக்கோடு கொடுத்ததை வாங்கிக்கொள்வார். தோட்டத்தில் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார்களாம்.

அக்கா அதே வேலையைத்தான் செய்கிறார். எஸ்.பி.எம். முடித்து, முறையாகப் படித்து, எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழும் வாங்கினார். இப்போது கடைவீட்டின் மாடியில் ஒரு சின்ன இடம். பெண்களுக்கு அக்கா. ஆண்களுக்கு அவருடைய தம்பி, தனி அறையில். காலை 7 மணிக்குப் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போவார். நல்லெண்ணெயைச் சூடாக்கி உடம்பு முழுக்கத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வயிற்றுக்கு மலாய்க்காரர்கள் கட்டுவதுபோல பெங்குங் துணி சுற்றிவிட்டு வருவார். 10 மணிக்குக் கடை. தொழிற்சாலையில் 12 மணி நேரம் நின்ற பெண்கள், தையல் மெஷினில் கழுத்து இறுகிப்போனவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை மடங்கிப்போன பாட்டிகள் வருவார்கள்.

"ஒரு நாளைக்கு அஞ்சு பேர்தான் தம்பி. ஆறாவது ஆளுக்குக் கட்டைவிரல் பேச்சு கேட்காது" என்பார். வலியை எடுக்கிறவருக்கே வலி தங்கிவிடுகிற தொழில் இது. கட்டைவிரல் மூட்டு, மணிக்கட்டு, குனிந்து குனிந்து இடுப்பு. ராத்திரி வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார்.

இதெல்லாம் உழைப்பின் வலி. எந்தத் தொழிலிலும் உண்டு. இன்னொரு வலி தொலைபேசியில் வருகிறது. கடைப் பலகையில் எண் போட்டிருக்கிறார், போடாமல் ஆள் வராது. ராத்திரி 11 மணிக்கு முன்பின் தெரியாத ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "வயசு என்ன? படம் அனுப்பு." பலகையில் "பெண்களுக்கு மட்டும்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறான்.

தம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே எண்ணெய், அதே படிப்பு, அதே கடை. அவரை எல்லோரும் "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். சிலம்ப ஆசான்கள் சுளுக்கு எடுத்த மரபு நம்மிடம் இருக்கிறது, அந்த மரியாதை ஆணுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அக்காவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழ்கிறது.

போன வருஷம் அக்காவின் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. "பொண்ணோட அம்மா என்ன செய்றாங்க?" என்ற கேள்வி வந்தபோது, "பியூட்டி பார்லர்னு சொல்லிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா மறுத்துவிட்டார். உள்ளதைச் சொன்னார். சம்பந்தம் நின்றுபோனது. அந்த வீட்டில் "வேண்டாம்" என்று முதலில் சொன்ன பெண்மணிக்குப் பிள்ளை பிறந்தபோது 15 நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது இதே அக்காதான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கேள்வி வருகிறது. அந்தப் பெண்மணிக்கு அக்காவின் கை எப்படிப்பட்ட கை என்று தெரியும். அவருடைய உடம்புக்கே தெரியும். தெரிந்தும் எப்படிச் சொல்ல முடிந்தது?

கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் வந்த கறை

"காலம் கெட்டுப் போச்சு, கறுப்புக் கண்ணாடி ஒட்டின கடைங்கதான் காரணம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. மசாஜ் என்று பலகை மாட்டிவிட்டு வேறு வியாபாரம் செய்கிற இடங்களில் சோதனை நடந்த செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. ஆனால் கறை அந்தக் கடைகளோடு தொடங்கவில்லை.

சித்த மருத்துவத்தில் இந்தக் கலைக்குத் தொக்கணம் என்று பெயர். சித்தர்கள் சொன்ன 32 வகைப் புற மருத்துவங்களில் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று 9 விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வர்மத்தில் 108 இடங்களைச் சொல்கிறார்கள். இவ்வளவு நுட்பமாக ஒரு கலையை வளர்த்த சமுதாயம், அதைச் செய்தவர்களை எங்கே வைத்தது?

தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். அந்தச் சமூகத்து ஆண்கள் கட்டி அறுத்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள். பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் முதலில் தொட்ட கை அவர்களுடையது. ஆனால் அந்தக் கைக்கு ஊர் கொடுத்த இடம் வாசலுக்கு வெளியே. ரத்தம், வியர்வை, அழுக்கு இவற்றைத் தொடுகிறவர் தீட்டு என்றார்கள். தொட்டால்தான் நமக்குப் பிழைப்பு. தொட்டதால் அவருக்குத் தாழ்வு.

ஆக, இந்தத் தொழில்மேல் இரண்டு கறை இருக்கிறது. பழைய கறை தீட்டு. புதிய கறை சந்தேகம். கப்பலேறி மலாயாவுக்கு வந்து தோட்டத்து லயத்தில் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தபோது பழைய கறை கொஞ்சம் வெளுத்தது. அக்காவின் அம்மாவுக்குக் கிடைத்த மரியாதை அப்படி வந்ததுதான். தாமானுக்கு வந்ததும் புதிய கறை அதே இடத்தில் படிந்துவிட்டது. இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. கேட்டு வருகிறவன் சுத்தமானவனாகவே இருக்கிறான், செய்கிறவர்தான் அழுக்காகிறார்.

"பெத்தவங்க பயப்படுறது தப்பா?"

எங்கள் கிளைக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு நண்பர் கேட்டார்: "மோசமான இடங்கள் நிஜமாவே இருக்கே? எது நல்லது எது கெட்டதுன்னு வெளியிலேர்ந்து எப்படித் தெரியும்? பெத்தவங்க பயப்படுறது தப்பா?"

தப்பில்லை. மகளை வேலைக்கு அனுப்பும்போது இடம் எப்படி, முதலாளி யார் என்று விசாரிப்பது கடமை. ஆனால் விசாரிப்பது வேறு, விசாரிக்காமலே முடிவு கட்டுவது வேறு. போலி டாக்டர்கள் பிடிபட்ட செய்தியும் பத்திரிகையில் வருகிறது. அதைப் படித்துவிட்டு டாக்டர் வீட்டுச் சம்பந்தத்தை யாரும் நிறுத்துவதில்லை. ஏமாற்றின வக்கீல்கள் உண்டு. வக்கீல் என்ற சொல் கெட்டுப் போகவில்லை. ஒரு தொழிலில் சிலர் செய்கிற தப்பு, அந்தத் தொழிலுக்குப் பணமும் படிப்பும் சங்கமும் இருந்தால் அந்தச் சிலரோடு நின்றுவிடுகிறது. கேட்க ஆளில்லாத தொழிலாக இருந்தால் எல்லோர்மேலும் வழிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண்களிலும், ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். "நாங்க அவங்க மாதிரி இல்ல" என்று சொல்லித்தான் அக்கா தன் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால், ஒரு பெண்ணை ஏற்ற இன்னொரு பெண்ணை மிதிக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம். அக்கா ஒருநாளும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டு வருகிறவன் இல்லாவிட்டால் அந்த வியாபாரமே இல்லை. அவன் பெயர் மட்டும் எங்கேயும் கெடுவதில்லை.

எண்ணெய்க் கிண்ணத்தில் தெரிந்த உருவம்

நம் சமயம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? தீட்டு பார்த்தவர்களும் சமயத்தின் பெயரைச் சொல்லித்தான் பார்த்தார்கள். ஆனால் அதற்கு எதிரான குரலும் நம் கதைகளுக்குள்ளேயே இருக்கிறது.

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் இருக்கிறார். ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். காவிரியில் வெள்ளம், தாய் வந்து சேர முடியவில்லை. சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார், பிள்ளை பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார் என்பது தலவரலாறு. ஊர் எதைத் தீட்டு என்றதோ அந்த வேலையை ஈசன் தன் கையால் செய்தார். அதற்காகவே அந்தப் பெயரால் கும்பிடப்படுகிறார்.

பாகவதத்தில் மதுரா நகரத்துக் கூனி வருகிறாள். சந்தனம் அரைத்து எடுத்துப் போகிறவள். கண்ணன் அவள் பாதத்தைத் தன் காலால் அழுத்தி, தாடையை விரலால் தூக்கி நிமிர்த்துகிறான், கூன் நிமிர்கிறது. மந்திரம் சொல்லி நிமிர்த்தவில்லை, தொட்டு நிமிர்த்தினான்.

எல்லாவற்றையும் விட நேரான கதை பக்த விஜயத்தில் இருக்கிறது. மகிபதி மராத்தியில் எழுதியது. தமிழிலும் நெடுநாளாகப் படிக்கப்படுகிறது. சேனா என்ற நாவிதர் அரசனுக்கு முடி திருத்தி எண்ணெய் தேய்க்கிறவர். ஒருநாள் பூஜையில் இருந்தபோது அரண்மனையிலிருந்து ஆள் வந்தது, அவர் போகவில்லை. அரசன் கோபப்பட்டான். பக்தனைக் காப்பாற்ற பண்டரிபுரத்து விட்டலனே சேனாவின் உருவில், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அரசனுக்கு எண்ணெய் தேய்த்தான். அரசன் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தான். அதில் நான்கு கைகளோடு இறைவன் உருவம் தெரிந்தது. அரசன் மெய்மறந்து போனான்.

இந்தக் கதையை ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். துண்டை மடித்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப, சாமி வந்து செஞ்சாதான் இந்த வேலைக்கு மரியாதையா தம்பி? அதுக்கு முன்னாடி அந்த சேனா எத்தனை வருஷம் தேய்ச்சிருப்பாரு. அப்பல்லாம் அந்த ராஜா கிண்ணத்தைப் பார்க்கவே இல்லையா?"

நான் பல நாள் யோசித்த கேள்வி இது. அக்கா சொன்னதுதான் அந்தக் கதையின் உள்கருத்து என்று இப்போது தோன்றுகிறது. விட்டலன் புதிதாக ஒரு தொழிலைச் செய்யவில்லை. சேனா தினமும் செய்ததை அப்படியே செய்தான். அதே பை, அதே எண்ணெய், அதே கை அசைவு. எண்ணெய்க் கிண்ணமும் தினமும் பக்கத்திலேயேதான் இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று: அன்றைக்கு அரசன் குனிந்து பார்த்தான். சேனாவுக்கு மரியாதை சேர்க்க இறைவன் வந்தான் என்று நாம் கதை சொல்கிறோம். பார்க்கத் தெரியாத அரசனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வந்தான் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அப்படிப் பார்த்தால், ஒரு தொழிலின் கண்ணியம் யாரும் கொடுத்து வருவதில்லை. அது வேலையிலேயே இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது ஒப்புதல். இருக்கிற ஒன்றை இருக்கிறது என்று சொல்வது. கடன் வாங்கினவன், "ஆமா, வாங்கினேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்வதைப் போல.

நாலு பேர் முன்னால்

ரகசியமாக நன்றி சொல்வது எளிது. அந்தப் பெண்மணிகூட 15 நாளும் "உங்க கை ராசியான கை" என்றுதான் சொன்னாராம். கேட்கிற இடத்தில் சொல்லாத நன்றியால் ஒருவருடைய பெயர் காப்பாற்றப்படாது. பெயர் என்பதே நாலு பேர் நடுவில் இருக்கிற பொருள். அதனால் அதைத் திருப்பிக் கொடுப்பதும் நாலு பேர் நடுவில்தான் நடக்க வேண்டும்.

அப்படி நடந்த இடங்கள் உலகத்தில் உண்டு. ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்றவர், தன்னைப் போன்றவர்களுக்கு ஊசி வைத்தியமும் மசாஜும் கற்றுக்கொடுக்கப் பள்ளிகள் ஏற்படுத்தினார். பார்வையற்றவரின் கையை நாடு நம்பத் தொடங்கியது. தென்கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்ததை 2006-இல் நீதிமன்றம் செல்லாது என்றபோது, அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சட்டம் திருத்தப்பட்டது, 2008-இல் நீதிமன்றமும் ஏற்றது. தாய்லாந்தின் நுவாட் தாய் மசாஜை 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத்தான் அவர்கள் அந்தக் கலையின் குருவாகக் கும்பிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து போன பெயர்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் பயிற்சியால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ பார்வையற்றவர்கள் மசாஜ் செய்து சொந்தக் காலில் நிற்கிறார்கள். அங்கே போகிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 2007-இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையிலேயே பாரம்பரிய மசாஜ் தொடங்கப்பட்டது. 2016-இல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் ஒரு துறையாக ஏற்றுக்கொண்டது. அதாவது நாடு குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டது. வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற நாம்தான் பாக்கி.

இதில் செய்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரித்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் இருந்து பணி செய்கிறவரையும் ஒரு பங்காக வைத்தார். பங்கு இருந்தால் பொறுப்பும் இருக்கும். கால் ஒரு பக்கம் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் அக்கா கையே வைக்க மாட்டார். "ரத்தம் கட்டியிருக்கலாம், முதல்ல ஆஸ்பத்திரி" என்று அனுப்பிவிடுவார். விழுந்து எலும்பு உடைந்ததாகத் தெரிந்தாலும் அப்படித்தான். இனிப்பு நீர்க்காரர்களின் மரத்துப்போன பாதத்தை அழுத்தமாகப் பிடிக்க மாட்டார். புற்றுநோய் போகும் என்று யாருக்கும் சொன்னதில்லை. தொடுவதற்கு முன்னால், "இங்க அழுத்தலாமா?" என்று கேட்பார். எத்தனை வருஷ வாடிக்கையாளராக இருந்தாலும் கேட்பார். ஒருவர் உடம்பை இன்னொருவர் நம்பி ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலின் தர்மம்.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கேலிப் பேச்சில் "மசாஜ்" என்ற சொல் வந்து எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கலாம். "எங்க வீட்டுக்கு வர்ற அக்கா நல்லா செய்வாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் வெளிப்படையாக எழுதலாம். பேரம் பேசாமல் சொன்ன வெள்ளியைக் கொடுக்கலாம். பள்ளி முடித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல் நிற்கிற தங்கைகளும் தம்பிகளும் இந்தத் துறையில் சான்றிதழ் படிக்க ஆசைப்பட்டால், "வேற வேலையே கிடைக்கலையா?" என்று கேட்காமல், எங்கே படிக்கலாம் என்று விசாரித்துக் கொடுக்கலாம். கிளைகள் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தும்போது டாக்டரும் வக்கீலும் உட்காருகிற மேடையில் இவர்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம். சம்பந்தம் பேசும்போது ஒருவர் குரலைத் தாழ்த்தினால், இன்னொருவர் கொஞ்சம் உரக்கப் பேசலாம்.

"உங்களுக்கு என்ன மாதிரி மரியாதை வேணும்க்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாலையெல்லாம் வேணாம் தம்பி. நீ என்ன வேலை செய்றேன்னு உன்னைக் கேட்டா எப்படிச் சொல்வியோ, அப்படி நானும் சொல்லிட்டுப் போகணும். அவ்வளவுதான்."

தன் வேலையின் பெயரைத் தலை குனியாமல் சொல்வது. ஒரு மனிதர் கேட்கக்கூடிய மிகச் சின்ன உரிமை இது. இதைக்கூட நம்மிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் யாரையும் வைத்திருக்கக் கூடாது. இளைஞர்களே, சிந்திப்போம். சிந்தித்ததை நாலு பேர் முன்னால் சொல்வோம்.